16 மில்லிமீற்றர் கரம் பலகை: திருகோணமலையில் ஒரு போட்டிப் பருவத்துக்குப் பின்

‘சுற்றுப்போட்டித் தரம்’ என்று பெட்டியில் அச்சிட்டுப் பல பெயர்களில் விற்கப்படும் கரம் பலகைகளுள், 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளைவூட்டினால் செய்யப்பட்ட ஒன்றை, திருகோணமலை நகரப் பெண்கள் பாடசாலையொன்றின் இளையோர் அணி ஒரு போட்டிப் பருவம் முழுவதும் பயன்படுத்தியது. அந்த அணிக்கு மாலை வேளைகளில் உதவியாக இருக்கும் பழைய மாணவிகளுள் ஒருத்தி என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் மேற்பரப்பின் பளபளப்பைப் பற்றியவையாகவே முடிந்துவிடுகின்றன. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு மண்டபத்தில், கச்சான் காற்று வீசும் கால வெயிலையும் மாரி ஈரத்தையும் தாண்டி, நாள்தோறும் நான்கு பேர் சுற்றியிருந்து ஆடிய பின் ஒரு பலகை என்ன நிலையில் இருக்கிறது என்பதே வாங்க நினைப்பவர்களுக்குத் தேவையான செய்தி.

முதலில் பழைய பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் புதியது வாங்கப்பட்டதே அதனால்தான். யாரோ எப்போதோ அன்பளிப்புச் செய்த அந்த மெல்லிய பலகை, அலுமாரிக்குப் பின்னால் சுவரில் சாய்த்தே வைக்கப்பட்டு வந்ததால் நடுவில் தாழ்ந்து, ஒரு மூலையை நோக்கிச் சரிந்திருந்தது. பிள்ளைகள் அந்தச் சரிவை மனப்பாடம் செய்திருந்தார்கள். எந்தக் காயை எவ்வளவு மெதுவாகத் தட்டினால் அது தானாகவே இடதுபக்கக் குழிக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்கள் கற்றுக்கொண்டது விளையாட்டை அன்று, அந்த ஒரு பலகையை. பருவத்தின் தொடக்கத்தில் வேறு பாடசாலைகளுடன் நடந்த நட்புறவுப் போட்டிகளில், நேரான பலகைகளின் முன் அமர்ந்தபோது ஒற்றையர், இரட்டையர் என்ற வேறுபாடின்றி வரிசையாகத் தோற்றார்கள். அதன் பின்னரே பொறுப்பாசிரியையும் பழைய மாணவிகளும் சேர்ந்து பணம் திரட்டினோம்.

புதிய பலகையின் அளவுகளில் குறை காண்பதற்கு இடமில்லை. 1988ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட சர்வதேச கரம் சம்மேளனத்தின் விதிகள் ஆடுபரப்பு ஒவ்வொரு பக்கமும் 73.5 முதல் 74 சென்ரிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்றும், பிளைவூட்டின் தடிப்பு 8 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது என்றும் கூறுகின்றன. நாங்கள் வாங்கியது அந்தக் குறைந்தபட்சத் தடிப்பின் இரண்டு மடங்கு. குழிகளின் விட்டம், அடிக்கோடுகளின் நீளம், நடுவட்டம் ஆகியவற்றையும் அளந்து பார்த்தோம், சரியாகவே இருந்தன. மரச்சட்டம் கனமானது. இரண்டு பிள்ளைகள் சேர்ந்தாலும் பலகையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது சிரமம் என்பதை மாடியில் பயிற்சி நடத்தும் பாடசாலைகள் கவனத்திற் கொள்ள வேண்டும்.

மேற்பரப்பைச் சோதிப்பதற்கு அந்த விதிகளிலேயே எளிய வழி ஒன்று உண்டு. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழுப் பலத்துடன் நேரே அடித்தால் அது எதிர்ச்சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்குமாகக் குறைந்தது மூன்றரைத் தடவை ஓட வேண்டும். கடையில் பெட்டியைத் திறந்து, பவுடர் தூவி, இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டபோது கடைக்காரர் சற்று முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. முதலாவது பலகை மூன்று ஓட்டத்திலேயே நின்றுவிட்டது. அதே தயாரிப்பின் இரண்டாவது பலகை மூன்றரையைத் தாண்டியது. ஒரே பெயரில், ஒரே விலையில், ஒரே நாளில் வந்திறங்கிய இரண்டு பலகைகளுக்கிடையில் இவ்வளவு வேறுபாடு இருக்குமானால், திறந்து பார்க்காமல் வாங்குவதும் இணையத்தில் கட்டளையிட்டு வீட்டுக்கு வரவழைப்பதும் புத்திசாலித்தனமன்று என்றே கூறுவேன். மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்ப்பதையும் மறக்கக்கூடாது, நூலுக்கும் பலகைக்கும் இடையே வெளிச்சம் தெரியுமானால் அந்தப் பலகை நடுவில் தாழ்ந்திருக்கிறது.

இவ்வளவு சோதித்து வாங்கிய பலகையில் பிள்ளைகள் முன்பைவிட மோசமாக ஆடினார்கள். பழையதில் தவறாமல் விழுந்த காய்கள் புதியதில் குழியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பின. மெதுவாகத் தட்டிப் பழகிய கைகளுக்கு இந்த வழுக்கல் பிடிபடவில்லை. ஸ்ட்ரைக்கர் காயைத் தொடர்ந்து ஓடிக் குழிக்குள் விழுந்து, எடுத்த காயைத் திருப்பி வைக்க நேர்ந்தது. காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றைப் போர்ட் என்பார்கள்; முதல் வாரங்களில் ஒருவருக்கொருவர் ஆடிய ஆட்டங்கள் 25 புள்ளியை எட்டாமலே எட்டாவது போர்டில் முடிந்தன. ஏமாற்றுப் பலகையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. இரண்டு பேர் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த மேசன் ஒருவரிடம் மட்டக்கோலை இரவல் வாங்கி, எல்லோரும் பார்த்திருக்கப் பலகையின் மேல் நெடுக்காகவும் குறுக்காகவும் வைத்தோம். குமிழ் நடுவிலேயே நின்றது. அதன் பிறகு பலகையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் முதல், இடது மூலைக்கு வெட்டி அடிக்கும் ஓர் அடியை அணியின் இளையவள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தாள். காய் ஒவ்வொரு முறையும் குழிக்கு ஒரு விரற்கடை வலப்புறமாகவே போயிற்று. அருகில் சென்ற என்னிடம், “அக்கா, போர்ட்டில பிழையில்லை. நான்தான் கடைசியில விரலைத் திருப்பிப்போடுறன்,” என்றாள். பழைய பலகையில் இந்தப் பிழை வருடக்கணக்கில் மறைந்திருந்தது, ஏனெனில் அவளுடைய விரல் வலப்புறம் தள்ளியதைப் பலகையின் சரிவு இடப்புறம் இழுத்துச் சரிசெய்துவந்தது. ஒரு பயிற்சிப் பலகையிடமிருந்து எதிர்பார்க்க வேண்டியது இந்த வெளிப்படையான நேர்மையே என்று நான் கருதுகிறேன். இந்தப் பலகைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணின் பெரும்பகுதி இதற்காகத்தான். நின்றுபோன இருவரில் ஒருத்தி திரும்பி வந்தாள். மற்றவள் வலைப்பந்துக்குப் போய்விட்டாள், அங்கே நன்றாக ஆடுகிறாள் என்று கேள்வி.

வைகாசி முதல் ஆவணி வரையான காலத்தில் திருகோணமலையில் கரம் ஆடுவது தனித் தொல்லை. மின்விசிறியைப் போட்டால் பவுடர் பறந்து ஒரு பக்கம் குவிகிறது, நிறுத்தினால் கையிலிருந்து வியர்வை சொட்டுகிறது. சொட்டு விழுந்த இடத்தில் போரிக் பவுடர் கட்டியாகி, அதன் மேல் வரும் காய் திடீரென நின்றுவிடுகிறது. இந்தப் பலகையின் மேற்பூச்சு அந்த வகையில் பாராட்டுக்குரியது. உலர்ந்த பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுத்தால் கறை தங்கவில்லை. மலிவான பலகைகளில் அந்த இடம் வெளுத்து வட்டமாகத் தெரியும். பிள்ளைகள் மணிக்கட்டில் சிறு துவாலைத் துண்டு கட்டிக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்திய பின் தொல்லை பாதியாகக் குறைந்தது. ஆனால் பவுடரை அள்ளித் தூவும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பலகை ஒத்துவராது. ஒரு சிட்டிகைக்கு மேல் போனால், ஆட்டம் ஐந்தாறு போர்ட் நீளும்போது சட்டத்தின் ஓரத்தில் பவுடர் படிந்து, பட்டுத் திரும்பும் அடிகளின் கோணம் மாறுகிறது.

மாரியில்தான் குறைகள் வெளிப்பட்டன. ஐப்பசியில் மழை பிடித்ததும் ஆடுபரப்பின் ஓட்டம் குறைந்தது. மூன்றரை ஓட்டம் மூன்றாகி, சில நாள்களில் அதற்கும் கீழே இறங்கியது. பிளைவூட் வளையவில்லை என்பதை மட்டக்கோலும் நூலும் உறுதிப்படுத்தின. இது காற்றின் ஈரம் பவுடரில் ஏறுவதால் வந்த மந்தம், எந்தப் பலகைக்கும் வரக்கூடியது. பலகைக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிட்ட மின்குமிழை ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னரே எரியவிட்டால் பரப்பு ஓரளவு உலர்ந்துவிடுகிறது. எனினும் சட்டத்தை அடியில் பிணைக்கும் ஆணிகள் சாதாரண இரும்பினாலானவை என்பது மன்னிக்கத்தக்கதன்று. உப்புக்காற்று அவற்றைப் பருவம் முடிவதற்குள் துருப்பிடிக்கச் செய்தது. ஒரு மூலையின் பொருத்து தாள் ஒன்று நுழையுமளவுக்கு விலகியது. உட்துறைமுகப் பக்கமோ உப்புவெளிப் பக்கமோ இருப்பவர்கள் வாங்கிய உடனேயே தச்சர் ஒருவரைக் கொண்டு துருப்பிடிக்காத ஆணிகளை மாற்றிப் போடுவது நல்லது. குழி வலைகளும் நூல் தரம் குறைந்தவை. அவற்றில் இரண்டு அறுந்து, காய்கள் நிலத்தில் விழுந்து உருண்டன. வலை மலிவான பொருள்தான், ஆனால் ஆட்டத்தின் நடுவே கதிரைக்கு அடியில் காய் தேடுவது எவருடைய கவனத்தையும் கெடுத்துவிடும்.

பலகையோடு பெட்டியில் வரும் ஸ்ட்ரைக்கரைப் பற்றிக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. விதிப்படி ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமைத் தாண்டக்கூடாது. எங்களுடையதை நகைக்கடைத் தராசொன்றில் வைத்துப் பார்த்தபோது தாண்டியது. சுற்றுப்போட்டித் தரம் என்று அச்சிட்டுவிட்டு, சுற்றுப்போட்டியில் நடுவர் எடுத்து ஒதுக்கிவைக்கக்கூடிய ஸ்ட்ரைக்கரைப் பெட்டிக்குள் போடுவது எந்த வகை நியாயம் என்று தெரியவில்லை. அதைவிடத் தீங்கானது, கனமான ஸ்ட்ரைக்கரில் பழகிய கை, சரியான எடையுள்ளதைத் தொடும்போது பலத்தைக் கூட்டிக் குழப்பிக்கொள்வது. நல்லவேளையாகப் பருவத்தின் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து வேறு வாங்கினோம். காய்களைப் பற்றி முறைப்பாடு இல்லை. ராணியின் சிவப்பு மட்டும் மங்கி, இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது.

வலய மட்டப் போட்டிகளில் அணி தட்டுத்தடுமாறி மாகாண மட்டத்துக்குத் தேர்வாகியது. அதை வெற்றி என்று பெரிதாகச் சொல்ல முடியாது, தீர்மான ஆட்டமொன்றில் எதிரணியின் தவறுகளும் கைகொடுத்தன. மாகாணப் போட்டிக்குக் கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு வான் வண்டியில் போனார்கள். அங்கு அவர்களுக்குக் கிடைத்த பலகை எங்களுடையதைவிட வேகமானது. முதல் இரண்டு போர்ட்களில் எங்கள் பிள்ளைகள் ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. ஆயினும் பருவத் தொடக்கத்தில் நடந்ததுபோல முகம் வாடி எழுந்து வரவில்லை. ஸ்ட்ரைக்கரை மெதுவாக ஓடவிட்டுப் பலகையின் இயல்பை அறிந்துகொண்டு, மூன்றாவது போர்டிலிருந்து பலத்தைக் குறைத்து ஆடினார்கள். இரட்டையர் ஆட்டத்தில் 22 புள்ளியை எட்டிய எதிரணிக்கு விதிப்படி ராணியால் இனிப் புள்ளி இல்லை என்பதால், அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட, எங்கள் இருவரும் ராணியை எடுத்து, அடுத்த காயால் அதை உறுதிப்படுத்தி, எட்டாவது போர்ட் வரை ஆட்டத்தை இழுத்தார்கள். இறுதியில் தோற்றார்கள். பதக்கம் இல்லை. அடுத்த திங்கட்கிழமை பயிற்சிக்கு எல்லோரும் வந்திருந்தார்கள், பலகை அலுமாரியின் கதவில் 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தில் மூன்று தங்கம் வென்ற சென்னைப் பெண் காசிமாவின் படம் ஒன்றும் புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. யார் ஒட்டியது என்று இதுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அலுமாரிக் கதவில் படம் ஒட்டக்கூடாது என்பது பாடசாலை விதி.

விலையைப் பொறுத்தவரை, வீட்டுப் பாவனைக்கான பலகைகளைவிட இது பல மடங்கு கூடுதலானது. விடுமுறைக்குப் பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு இவ்வளவு தடிப்போ இவ்வளவு கனமோ தேவையில்லை, 8 மில்லிமீற்றர் பலகையொன்றை மேசை மேல் படுக்கையாக வைத்துப் பாதுகாத்தால் அதுவே போதும். சனசமூக நிலையங்களும் பாடசாலைகளும் வாங்குவதாயின், 16 மில்லிமீற்றரையே எடுக்கலாம், ஆனால் பணத்தின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துவைத்து, சரியான எடையுள்ள ஸ்ட்ரைக்கர்கள், மாற்று வலைகள், தடித்த துணியில் தைத்த உறை ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும். உறை பெட்டியுடன் வருவதில்லை. கடையின் விற்பனைக்குப் பிந்திய சேவை என்று குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் இல்லை, விலகிய மூலையைப் பற்றிச் சொன்னபோது தச்சரிடம் கொண்டுபோகுமாறு பணிவாகக் கூறினார்கள். தச்சர் ஒரு மாலைப்பொழுதில் பசையிட்டு இறுக்கித் தந்துவிட்டார், கூலியாக வாங்கியது புதிய வலைகளின் விலையை விடக் குறைவு.