கீழடியா, தோலாவிராவா? தொல்வரலாற்றில் ஆர்வமுள்ள பிள்ளைக்கான கோடைப் பயணம்

புதையுண்ட நகரங்களைப் பற்றி ஓயாமல் கேள்வி கேட்கும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கோடை விடுமுறையில் எங்கே அழைத்துச் செல்லலாம் என்று யோசிக்கும் தமிழகப் பெற்றோருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. மதுரையிலிருந்து கீழடி, ஆதிச்சநல்லூர் என்று தெற்கே செல்வது ஒன்று. குஜராத்தில் உள்ள சிந்துவெளி நாகரிக நகரங்களான லோத்தலையும் தோலாவிராவையும் காண்பது மற்றொன்று.

நகரமாகக் கண்முன் விரிவதில் தோலாவிராவுக்கு நிகரில்லை. கட்ச் உப்புவெளியின் நடுவே காதிர் தீவில் உள்ள அவ்விடம் 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கோட்டை, நடுநகரம், கீழ்நகரம் ஆகியவற்றைப் பிள்ளை தன் கால்களால் நடந்தே அளந்துவிடலாம். மான்சர், மன்ஹர் என்னும் இரண்டு மழைக்கால ஓடைகளின் நீரை அணைகட்டித் திருப்பிச் சேமித்த பெரிய நீர்த்தேக்கங்களின் விளிம்பில் நிற்கும்போது, பாடப்புத்தகத்தில் ஒற்றை வரியாகக் கடந்துபோன நீர் மேலாண்மை என்ன என்பது விளக்கமின்றியே புரிந்துவிடும். 1954இல் கண்டறியப்பட்ட லோத்தலில் செங்கல்லால் கட்டிய கப்பல்துறையையும் மணி செய்த பட்டறையையும் அரை நாளில் பார்த்துவிடலாம்.

கீழடியில் அத்தகைய பெருங்கட்டுமானங்களை எதிர்பார்த்துச் சென்றால் பிள்ளை ஏமாறக்கூடும். அங்குள்ள செல்வம் சிறு பொருள்களில் இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, செட்டிநாட்டுப் பாணியிலான அருங்காட்சியகத்தில் பகடைக்காய்கள், சுடுமண் ஆட்டக்காய்கள், நூல் நூற்ற தக்களிகள் ஆகியவற்றை அருகிலிருந்து பார்க்கலாம். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த ஒரு கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதைச் சொல்லி, அந்த ஆழம் தன் உயரத்தைப்போல் எத்தனை மடங்கு என்று பிள்ளையையே கணக்கிடச் சொல்லலாம். ஆதிச்சநல்லூரில், இறந்தோரைப் புதைத்த முதுமக்கள் தாழிகளை அகழ்ந்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். அதன்மீது நின்று குனிந்து பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் எளிதில் மறக்காது.

எனினும் என் கணிப்பில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது எழுத்துதான். கீழடிப் பானை ஓடுகளில் கீறப்பட்ட ஆதன், குவிரன் போன்ற பெயர்களை, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தின் அட்டவணை ஒன்றை வைத்து ஒரு வாரம் பழகிய பிள்ளை தானே எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியும். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒருவரின் பெயரை முதன்முறையாக வாசிக்கும் பிள்ளையின் முகத்தில் தோன்றும் வியப்பை வேறெந்தப் பயணத்தாலும் எளிதில் தர முடியாது. தோலாவிராவின் வடக்கு வாயிலருகே கிடைத்த பத்து எழுத்துப் பெயர்ப்பலகையையோ இன்றுவரை எவராலும் ஐயமற வாசிக்க முடியவில்லை. சிந்து எழுத்தைப் படித்துக் காட்டுவோருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த செய்தியும் பிள்ளையின் ஆர்வத்தைத் தூண்டும். ஆனால் வாசிக்க முடிந்த எழுத்தின் சுவையை அறிந்த பிறகே, வாசிக்க முடியாத எழுத்தின் புதிர் முழுமையாக உறைக்கும்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. மே மாதத்தில் மதுரையும் கொதிக்கும் என்றாலும், காலையில் வெளியிடங்களையும் நண்பகலில் அருங்காட்சியகத்தையும் பார்த்துச் சமாளிக்கலாம். நிழலே இல்லாத தோலாவிராவின் கல்வெளியில் அந்த மாதத்தில் சிறுவர்களை நடக்கவைப்பது ஆபத்து. செலவிலும் அலைச்சலிலும் தென்பயணமே இலகுவானது.

ஆகவே இந்தக் கோடைக்குக் கீழடியும் ஆதிச்சநல்லூரும் போதும். குஜராத் பயணத்தை அரையாண்டு விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாம். சென்னையில் வசிப்பவர்கள் புறப்படும் முன்பே எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை சென்றுவருவது நல்லது. அலெக்சாண்டர் ரீ நூறாண்டுகளுக்கும் முன்னர் ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன.