சக்கர நாற்காலிக்கு ஏற்ற உடை என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டும் முன்

நான் சென்னையில் வழக்கறிஞராகத் தொழில் செய்கிறேன். 2014ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டது முதல் என் நடமாட்டம் முழுவதும் சக்கர நாற்காலியில்தான். மாற்றுத்திறனாளிகளுக்கும், கடை அளவுகளுக்குள் அடங்காத உடல்வாகு கொண்டவர்களுக்கும் குறைந்த விலையில் அளவெடுத்து அலுவலக உடை தைத்துத் தருவதாக விளம்பரம் செய்துவரும் ஒரு நிறுவனத்தை நம்பி, சென்ற ஆண்டு 8,600 ரூபாய் இழந்தேன். அதோடு பதினேழு நாள் படுக்கையிலும் கிடந்தேன். அவர்கள் மீது நான் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் நடந்துகொண்ட முறையை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். அவர்களை அடையாளம் கண்டுகொள்ள அது போதும்.

இந்திய பார் கவுன்சிலின் விதிகளின்படி நாங்கள் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கழுத்துப்பட்டை, முழுக்கால்சட்டை ஆகியவற்றோடுதான் நீதிமன்றத்தில் முன்னிலையாக வேண்டும். ஜீன்ஸுக்கு இடமில்லை. வேட்டியை விதி அனுமதித்தாலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அது சரிவராது. உயர் நீதிமன்றத்தில் இவற்றின் மேல் கவுனும் கட்டாயம். கீழமை நீதிமன்றங்களில் அது அவரவர் விருப்பம். நகர உரிமையியல் நீதிமன்றத்தோடு இருந்தவரை எப்படியோ சமாளித்துவந்தேன். சீனியர் என்னை உயர் நீதிமன்ற வழக்குகளுக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் உடை எனக்கு அன்றாடப் போராட்டமாயிற்று. கடையில் தொங்கும் கோட்டு நிற்கும் மனிதருக்காக வெட்டப்பட்டது. அதை அணிந்து அமர்ந்தால் முன்பகுதி மடியில் சுருண்டு மேலேறும், காலர் பிடரியைத் தள்ளும், சக்கரத்தை உந்தக் கையை நீட்டும்போதெல்லாம் அக்குள் தையல் இழுத்துப் பிடிக்கும். கவுனின் வால் ஒருமுறை சக்கரக் கம்பிகளுக்குள் சுற்றிக்கொண்டு, நீதிமன்ற வராந்தாவில் கட்சிக்காரர் முன்னிலையில் என் ஜூனியர் குனிந்து அதை விடுவிக்க வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. கோட்டு ஒன்று, கால்சட்டை இரண்டு, கவுன் ஒன்று என எல்லாம் சேர்த்து 8,600 ரூபாய், வீட்டுக்கே வந்து அளவெடுப்பார்கள், இருபது நாளில் தைத்துத் தருவார்கள் என்றார்கள். பெரம்பூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம்பெண் இஞ்ச் டேப்புடன் வந்தார். மார்பு, தோள், கை நீளம், இடுப்பு, கால் நீளம் ஆகியவற்றை எடுத்துக் கைப்பேசியில் குறித்துக்கொண்டார். எனக்கு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சி இல்லை என்பதையும், அதனால் கால்சட்டையின் பின்புறத்தில் பையோ பொத்தானோ தடித்த தையலோ கூடாது என்பதையும், காலில் கட்டியிருக்கும் சிறுநீர் சேகரிப்புப் பையைக் காலி செய்வதற்காக வலது கெண்டைக்காலின் உட்புறம் ஒரு ஜிப் வேண்டும் என்பதையும் இரண்டு முறை சொன்னேன். "கண்டிப்பா சார், இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம்தான்" என்றார். முழுத் தொகையையும் முன்பே கட்டினால்தான் இந்த விலை என்றதால், ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அங்கேயே பணம் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் என்று கட்சிக்காரர்களிடம் நாள்தோறும் சொல்பவன் நான். இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக என் உடம்புக்கென்றே உடை தைக்க ஒருவர் வீடு தேடி வந்திருக்கிறார் என்ற மகிழ்ச்சியில் அந்த எச்சரிக்கை கைவிட்டுப் போனது.

அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அவர் அளந்தது அமர்ந்திருந்த என்னைத்தான் என்றாலும், அமர்ந்திருப்பவருக்கு வேண்டிய அளவு ஒன்றைக்கூட எடுக்கவில்லை. அமரும்போது முன்வயிற்றுக்கும் கவட்டைக்கும் இடையிலான தூரம் குறைந்து, பின்னிடுப்பிலிருந்து இருக்கை வரையிலான தூரம் கூடுகிறது. ஆகவே முன்பக்கத்தைத் தாழ்த்தியும் பின்பக்கத்தை உயர்த்தியும் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முன்னே துணி குவியும், பின்னே இடுப்புப்பட்டி இறங்கிச் சட்டை வெளியே வரும். முழங்கால் மடங்கியே இருப்பதால் கால் நீளத்தையும் இடுப்பிலிருந்து முழங்கால் வரை, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். நேர்கோட்டில் எடுத்த அளவுக்குத் தைத்த கால்சட்டை அமர்ந்தவுடன் கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். கோட்டு மடியோடு நின்றுவிட வேண்டும். சக்கரம் உந்துபவருக்கு முதுகில், தோள்பட்டைக்குப் பின்னால், மடிப்பு விட்டுத் துணி கொடுக்க வேண்டும். இவற்றில் எதைப் பற்றியும் ஒரு கேள்விகூடக் கேட்காதவர் இந்த வேலையை அறிந்தவரல்லர்.

இருபது நாள் என்றது எட்டு வாரமாயிற்று. நான் ஆறு முறை தொலைபேசியில் அழைத்த பிறகு, ஒரு வியாழக்கிழமை இரவு பார்சல் வந்தது. மறுநாள் காலையிலேயே ஒரு வழக்கில் இறுதி வாதம் இருந்ததால் சரிபார்க்க அவகாசமில்லாமல் அணிந்து சென்றேன். மடியில் கோட்டு உருண்டு கிடந்ததையும், கவுனின் நீளம் ஓர் அங்குலம்கூடக் குறைக்கப்படாததையும் காலையிலேயே கண்டேன். கால்சட்டையின் பின்புறத்தை மட்டும் நான் பார்க்கவில்லை. ஒன்பது மணி நேரம் அதன்மேல் அமர்ந்திருந்தேன். இரவு உடை மாற்றும்போது என் மனைவி, வால் எலும்புக்குச் சற்றுக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புத் தடம் ஒன்றைக் கண்டார். விரலால் அழுத்தியபோது அது வெளுக்கவில்லை. தண்டுவடப் பாதிப்புள்ள எந்தக் குடும்பத்துக்கும் இதன் பொருள் தெரியும். அழுத்திவிட்டும் வெளுக்காத சிவப்புதான் படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். அந்தப் பக்கம் எடை விழாமல் பதினேழு நாள் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மூன்று வழக்குகளில் வாய்தா வாங்க வேண்டியிருந்தது. தோல் உடைந்திருந்தால் கணக்கு மாதங்களில் போயிருக்கும்.

கால்சட்டையைத் திருப்பிப் பார்த்தபோது, வேண்டவே வேண்டாம் என்று நான் சொன்ன இரண்டு பின்பைகளும் பொத்தான்களோடு இருந்தன. நடுத்தையல் ஓவர்லாக் போட்டு அதன்மேல் மடித்து அடிக்கப்பட்டுக் கயிறுபோலத் தடித்திருந்தது. கெண்டைக்காலில் நான் கேட்ட ஜிப்பும் இருந்தது. இழுத்தேன், திறந்தது, ஆனால் உள்ளே துணி தெரிந்தது. கால்சட்டையை வெட்டாமலேயே அதன்மேல் ஜிப்பை வைத்துத் தைத்திருக்கிறார்கள். கோட்டின் கழுத்துப்பகுதி லைனிங்கில் நிறம் ஒட்டாத நூல் ஒன்று ஓடியதைக் கண்டு அந்த இடத்தைப் பிரித்தோம். உள்ளே, பாதி கத்தரிக்கப்பட்ட அளவுச்சீட்டு ஒன்று இருந்தது. எனக்காகத் தைத்ததாகச் சொல்லப்பட்ட அந்தக் கோட்டு ஏதோ ஒரு கடையில் வாங்கிய ரெடிமேட்.

உடல்நிலை தேறிய பின் அவர்கள் அண்ணா நகரில் காட்டியிருந்த முகவரிக்கு ஆட்டோவில் சென்றேன். முதல் மாடி. கீழ்வாசலிலேயே ஐந்து படிகள். சாய்தளமும் இல்லை, மின்தூக்கியும் இல்லை. சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கென்றே தொழில் நடத்துவதாகச் சொல்பவர்களின் வாசலை, அப்படி வந்த ஒருவன் தெருவில் நின்றபடிதான் பார்க்க முடிந்தது. ஆட்டோ ஓட்டுநர் எனக்காக மேலே சென்று பார்த்துவிட்டு வந்தார். அறை முழுவதும் பாலித்தீன் உறையிட்ட ரெடிமேட் துணிகள்தான், தையல் மெஷின் ஒன்றுகூட இல்லை என்றார். பிறகு இறங்கி வந்த நிறுவனத்துக்காரர் என் கையிலிருந்த கால்சட்டையை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "உங்க உடம்பு அப்படி சார், அதுக்கு நாங்க என்ன பண்றது? இந்த ரேட்டுல யாரு தருவா?" என்றார். ஆல்டரேஷன் வேண்டுமென்றால் இன்னும் 2,500 ரூபாய் என்றார். அன்று மாலையே என் எண்ணை முடக்கிவிட்டார்கள்.

தெரிந்தவர்களிடம் விசாரித்தபோது, ஏமாந்தது நான் மட்டுமல்ல என்று தெரிந்தது. உயரம் மிகக் குறைந்த வங்கி அலுவலர் ஒருவருக்குச் சிறுவர் பள்ளிச் சீருடைச் சட்டையின் பொத்தான்களை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். முதுகெலும்பு வளைவால் ஒரு தோள் தாழ்ந்திருக்கும் ஆசிரியை ஒருவரிடம், தாழ்ந்த தோளில் மட்டும் பஞ்சுப்பட்டை வைத்துச் சமன் செய்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, இரு தோள்களிலும் ஒரே அளவுப் பட்டையை வைத்துத் தந்திருக்கிறார்கள். "சரி போகட்டும்" என்று இருவருமே விட்டுவிட்டார்கள். நம் உடம்பைப் பற்றி முன்பின் அறியாத ஒருவரிடம் திரும்பத் திரும்ப விளக்கி வழக்காடுவது எவ்வளவு கூச்சம் தரும் என்பது அந்த நிறுவனத்தாருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூச்சத்தை முதலாக்கித்தான் தொழில் நடக்கிறது.

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47)இன்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலவரம்பு குறிக்கப்படாதபோது முப்பது நாளுக்குள் அவர்கள் அதைச் செய்தாக வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் தாக்கல் கட்டணம் கிடையாது. இணையவழியில் தாக்கல் செய்யலாம் என்பதால் படியேற வேண்டியதும் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். என்னிடம் பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பியதற்கான விவரமும், அவர்களுடைய குறுஞ்செய்திகளும், பிரிக்கப்பட்ட லைனிங்கின் படங்களும், மருத்துவரின் குறிப்பும் இருந்தன. துணியை நான் துவைக்கவில்லை, வந்தபடியே வைத்திருக்கிறேன். நான் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ், பெறுநர் அந்த முகவரியில் இல்லை என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. அந்த உறையும் இப்போது ஓர் ஆவணம்.

எல்லோருக்கும் ஏற்ற பொதுவடிவமைப்பில் நுகர்பொருட்கள் உருவாகவும் கிடைக்கவும் அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 43 சொல்கிறது. ஆனாலும் அமர்ந்தவனை அளக்கத் தெரிந்த ஒரு தையற்காரரைத் தேடி நாங்கள் இன்னும் தெருத்தெருவாக அலைகிறோம். எனக்குக் கடைசியில் கிடைத்தவர், தம்புச் செட்டித் தெருப் பக்கம் வக்கீல் கோட்டு தைத்தே காலம் கழித்த பெரியவர் ஒருவர். விளம்பரம் எதுவும் செய்யாதவர். கடையிலிருந்து இறங்கி வந்து, என் நாற்காலியின் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, அரைமணி நேரம் அளந்தார். "வக்கீல் சார், கைய நீட்டி ஒரு தடவ சக்கரத்தத் தள்ளுங்க" என்று சொல்லி, நான் தள்ளும்போது முதுகின் குறுக்களவை எடுத்தார். முதலில் காடாத் துணியில் வெட்டி, ஊசிநூலால் ஓட்டி, போட்டுப் பார்க்கச் சொன்னார். பின்பக்கத்தை மூன்று அங்குலம் உயர்த்தினார், முன்பக்கத்தை இரண்டரை அங்குலம் தாழ்த்தினார், பின்புறத்தின் நடுத்தையலைத் தட்டையாக்கி இஸ்திரி போட்டார். ஒரு கோட்டுக்கும் ஒரு கால்சட்டைக்கும் துணி உட்பட 5,400 ரூபாய் ஆயிற்று. பாதியை முன்பணமாகவும் மீதியைப் போட்டுப் பார்த்த பிறகும் வாங்கிக்கொண்டார். இரண்டுக்கும் கையால் எழுதிய பில் தந்தார்.

சென்ற வாரம் அந்த நிறுவனத்தின் விளம்பரம் வேறொரு பெயரில் மீண்டும் வரத் தொடங்கியிருக்கிறது. பெயரும் எண்ணும் மாறியிருக்கின்றன, படம் மட்டும் அதேதான். சாம்பல் நிறக் கோட்டு அணிந்த ஒரு பெண், மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் அகலமான நாற்காலி ஒன்றில் அமர்ந்திருப்பார். அவருடைய பாதங்கள் இரண்டும் கால்தாங்கியில் இல்லாமல் தரையில் ஊன்றியிருக்கும். அந்தப் படத்தைக் கண்டால் பணம் அனுப்பாதீர்கள்.