கறையான் தின்றது போக

மட்டக்களப்பு பஸ் நிலையத்தருகே ஒரு பழைய புத்தகக் கடையில், நியூயோர்க் குடியேறிகளைப் பற்றிய ஆங்கில நூலொன்றை 350 ரூபாய்க்கு வாங்கினேன். “உள்ளே எல்லாம் சரி, பிள்ளை” என்றார் கடைக்காரர். சரியில்லை, ஓரமெல்லாம் கறையான் அரித்திருக்கிறது.

1911 மார்ச் 25 மட்டும் முழுதாகத் தப்பியிருக்கிறது. ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலிய இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. ஏழு வருடம் கொலர் தைத்தவள் நான்; எங்கள் பின்கதவுச் சாவி மேற்பார்வையாளரின் இடுப்பில்தான் தொங்கும். அந்தப் பக்கத்தைத் திருப்பவே நேரமெடுத்தது.

1904இல் ஜேர்மன் குடும்பங்களோடு எரிந்த ஜெனரல் ஸ்லோகம் கப்பலைப் பற்றிய பக்கமோ பாதியில் கிழிந்திருக்கிறது. மீதியைத் தேடித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். மூன்று கிழமையாகிறது.