ஆற்றங்கரை வீட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்டுகிறீர்களா? மண் அறிக்கையில் ஏமாறாதீர்கள்

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையை ஒட்டிய வீடு. கொல்லைப்புறம் ஆற்றை நோக்கிச் சடாரென்று இறங்குகிறது. அங்கே 3 மீட்டர் உயரத்துக்குத் தடுப்புச் சுவர் கட்ட, மண் பரிசோதனைக்கு 18,000 ரூபாய் கொடுத்தார்கள். ஸ்பைரல் பைண்டிங், முத்திரை, கையெழுத்தோடு அறிக்கை வந்தது. சுவரும் எழும்பியது. தை மாதம் மேட்டூரை அடைத்து, ஆறு வற்றிய இரண்டாவது வாரம் சுவர் ஆற்றுப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அந்த அறிக்கையைப் படித்தாலே மோசடி தெரிகிறது. 3 மீட்டருக்குக் கீழே 'செம்புறாங்கல் கலந்த இறுகிய மண்' என்று எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூர் அருகே வல்லம் மேட்டில் அது சரி. குடமுருட்டிக் கரையில் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலும் களியும் மணலும்தான் மாறி மாறி வரும். வேறு எங்கோ எடுத்த அறிக்கையில் முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். நிலத்தடி நீர் 'தென்படவில்லை' என்கிறது. பரிசோதித்தது ஐப்பசியில், ஆற்றிலிருந்து பத்தடி தள்ளி!

மண்ணின் இறுக்கத்தைக் காட்டும் எஸ்.பி.டி. எண்கள் 14, 18, 22, 26 என்று ஏணிப்படி போல ஏறுகின்றன. மாறி மாறி வரும் மண்ணில் இவ்வளவு சீராக ஏறுவதே சந்தேகம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாயை 45 செ.மீ. இறக்கி, கடைசி 30 செ.மீ.க்கு எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவதுதான் அந்தச் சோதனை. மூன்று கால் சாரமும் கயிறு இழுக்கும் வின்ச்சும், அல்லது துளையிடும் இயந்திரமாவது இல்லாமல் நடக்காது. இங்கே வந்தவர்கள் இரண்டு பேர். கையால் திருகும் ஆகர் என்ற துளைக்கருவியால் ஒன்றரை மீட்டர் துளைத்து, பாலித்தீன் பையில் மண் அள்ளிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டார்கள்.

இன்னொரு பெரிய குறை, அறிக்கையில் தாங்குதிறன், அதாவது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது மட்டுமே இருக்கிறது. சாதாரண வீட்டு அஸ்திவாரத்துக்கு அது பெரும்பாலும் போதும். தடுப்புச் சுவரை மண் பக்கவாட்டில் தள்ளும். அதைக் கணக்கிட மண்ணின் எடை, உராய்வுக் கோணம், ஒட்டுத்திறன் மூன்றும் வேண்டும்.

சுவரைச் சாய்த்தது தண்ணீர். 3 மீட்டர் சுவருக்குப் பின்னால் காய்ந்த மணல் என்றால், ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 2.7 டன் தள்ளும். அதே மணலில் மேல்வரை தண்ணீர் நின்றால் கிட்டத்தட்ட 6 டன். அதில் தண்ணீர் மட்டுமே 4.5 டன். ஆறு நிறைந்து ஓடும்போது முன்பக்கத் தண்ணீர் சுவரைத் தாங்கிக்கொள்ளும். ஆறு வற்றினால் அந்தத் தாங்கல் போய்விடும். பின்னால் களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீரோ அவ்வளவு சீக்கிரம் வடியாது. டெல்டாவில் ஆபத்தான நேரம் வெள்ளம் வடிந்த பிறகுதான்.

இங்கே தோண்டிய களியையே சுவருக்குப் பின்னால் போட்டு மூடியிருந்தார்கள். வடிகால் குழாய்கள் வெளியிலிருந்து பார்க்க அழகாக வரிசையாக இருந்தன. ஒன்றில் கம்பியை விட்டால் ஒரு சாண் போனதும் சிமென்ட் கலவையில் முட்டி நின்றது.

ஆகவே துளையிடும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். சுவர் வரும் கோட்டில் ஒன்று, மேட்டில் ஒன்று என இரண்டு துளையாவது வேண்டும். சுவரின் அடிமட்டத்துக்குக் கீழே சுவர் உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் போகட்டும். துளையில் நீர்மட்டத்தை 24 மணி நேரம் கழித்து அளக்கச் சொல்லுங்கள். லேப் தாள்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சுவர் மட்டுமல்லாமல் மொத்தக் கரையும் வழுக்கி இறங்குமா என்ற கணக்கும் அறிக்கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கட்டும்போது சுவரின் பின்பக்கம் 30 செ.மீ. ஜல்லி, அதை மண் அடைக்காமல் இருக்க வடிகட்டித் துணி, ஒன்றரை மீட்டருக்கு ஒரு குழாய். அந்த இடம் ஆற்றுப் புறம்போக்கா என்று எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டிய சுவர் என்றால், கொல்லையில் கரைக்கு இணையாக மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் மழைநீர் இறங்காமல் தார்ப்பாய் போடுங்கள், சுவரை ஒட்டி மணல், செங்கல், வண்டி எதையும் நிறுத்தாதீர்கள். பாரத்தைக் குறைக்கச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மேல் மண்ணை எடுக்கலாம். சுவரின் அடியில் ஆற்றுப் பக்கத்து மண்ணில் மட்டும் மண்வெட்டி படவே கூடாது.