மொட்டை மாடிக்கு ஐந்தடுக்கு மரத் தொட்டி: எட்டு மாதம் கீரை பறித்த பிறகு

சென்னையில் வாடகை வீடு. மாடியில் எனக்கென்று கிடைத்தது கிழக்குச் சுவரோரம் நாலடி இடம்தான், அதில் செடி வளர்க்கும் க்ரோ பேக் பை பத்து வைத்தாலே துணி காயப்போட வழி இருக்காது. அதனால் போன ஆவணியில் பக்கத்து ஏரியா மரப் பட்டறை ஒன்றில் அடுக்குத் தொட்டி செய்யக் கொடுத்தேன். ஏணி மாதிரி சாய்வான சட்டம், ஐந்து படி, படிக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் 4 அடி நீளம், 8 அங்குல அகலம், 7 அங்குல ஆழம். கொண்டுவந்து இறக்கிய கூலியும் சேர்த்து 8,500 ரூபாய்.

மரம் பேலட் பலகை, அதாவது சரக்கை அடுக்கி அனுப்பும் மரத் தட்டைப் பிரித்து எடுத்த பைன். விலை குறைவுதான், ஆனால் சாப்பிடும் செடிக்கு எல்லாப் பேலட்டும் ஆகாது. பேலட்டின் பக்கவாட்டுக் கட்டையில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ஹெச்டி (HT) என்று இருந்தால் பூச்சி சாக மரத்தை நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, எம்பி (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷப் புகை போட்டது. எனக்கென்று எடுத்து வைத்திருந்த குவியலில் இரண்டு எம்பி கட்டை கிடந்தது. காட்டினேன். ஆசாரி நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு, "கீரைக்கா தங்கச்சி? அப்ப இது வேணாம்" என்று தூக்கி ஓரமாகப் போட்டார். அந்த நிமிடமே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

வேலை சுத்தம். ஆணி கிடையாது, எல்லாமே துருப்பிடிக்காத எஸ்எஸ் ஸ்க்ரூ, அதுவும் முதலில் ட்ரில் போட்டு இறக்கியது, அதனால் பலகையின் முனை ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஈர மரத்தில் இரும்பு ஆணி துருப்பிடித்துக் கறுப்பாக வழியும், அந்தக் கறை இதில் எங்கும் இல்லை.

குறை என்றால் உள்ளே அடித்துக் கொடுத்த கறுப்பு பாலித்தீன் ஷீட். அடியில் ஓட்டையே இல்லை. நானும் பார்க்காமல் மண்ணை நிரப்பிவிட்டேன். ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்ததில் கீழ்ப் பெட்டி குளமாகி, இரண்டு இலை விட்டிருந்த கொத்தமல்லி நாற்று முழுக்கத் தண்டடியில் நூல் மாதிரி இளைத்து அப்படியே சாய்ந்துவிட்டது. ஒரு பிடி கூட மிஞ்சவில்லை, ரொம்ப வருத்தமாக இருந்தது. போன் செய்தேன், மறுநாளே ஆள் வந்தார், மண்ணைக் கொட்டி பெட்டிக்கு ஆறு துளை போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. நீங்கள் செய்யக் கொடுத்தால் மண் போடுவதற்கு முன்னாலேயே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மேல் பெட்டித் தண்ணீர் அடுத்த பெட்டியில் சொட்ட வேண்டும், கடைசிப் பெட்டியிலிருந்து தரைக்கு வர வேண்டும்.

தண்ணீர் இப்படி இறங்குவதால் மேலே சீக்கிரம் காயும், கீழே எப்போதும் ஈரம் நிற்கும். எதை எங்கே வைப்பது என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. உச்சியில் கற்பூரவல்லி, ஒரு நாள் மறந்தாலும் தாங்கும். நடு மூன்றிலும் அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை மாற்றி மாற்றி. அடியில் இப்போது பொன்னாங்கண்ணியும் புதினாவும், இரண்டும் ஈரத்தில் கொழிக்கிறது. அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கிறது, வாரம் இரண்டு நாள் எங்கள் நாலு பேருக்குக் கடைசலுக்குப் போதும். கத்தரி வைத்துப் பார்த்தேன், அந்த ஆழம் பற்றவில்லை, காய் சுண்டைக்காய் அளவோடு நின்றுவிட்டது.

எடை விஷயத்தைப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். செம்மண்ணைக் குறைத்து கோகோபீட்டும் (தென்னை நார்த் துகள்) மண்புழு உரமும் கூட்டித்தான் நிரப்பினேன், அப்படியும் நனைந்தால் பெட்டி 40 கிலோவுக்குக் குறையாது. ஐந்துக்குக் கணக்குப் போடுங்கள். மாடி நடுவில் வைக்காதீர்கள், கீழே பீம் ஓடும் சுவரோரம்தான் சரி. அப்புறம் வெளிப்பக்கம் வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் பூசச் சொன்னார் ஆசாரி, பங்குனியில் பூசினேன்.

பைன் தேக்கு இல்லை, இந்த விலைக்கு அதை எதிர்பார்க்கவும் முடியாது. கடைசிப் பெட்டியின் இடது மூலை கறுத்து, நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதிகிறது. ஒவ்வொரு பெட்டியும் நாலு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது, அதை மட்டும் கழற்றி மாற்ற 900 ரூபாய் கேட்டிருக்கிறார். இந்தப் புதினா அறுப்பு முடிந்ததும் கொடுக்கப் போகிறேன்.