யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஒரு பிரஸ் கிற்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

2021 பெப்ரவரியில் இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பொட்டிபை சேவை இலங்கைக்கு வந்தது. அதே வருடம்தான் நானும் எங்கள் பாட்டுகளுக்கு ஒரு பிரஸ் கிற் செய்தேன். சொந்தமாக எழுதி, கிற்றாரும் மிருதங்கமும் வயலினும் வைத்துப் பாடுகிற சின்னக் குழு எங்களுடையது. கம்பனி, மனேஜர் என்று யாருமில்லை. எங்களைப் பற்றி எழுத வருகிறவருக்கும் மேடைக்குக் கூப்பிடுகிறவருக்கும் தேவைப்படுகிற அறிமுகம், படம், பாட்டு, வீடியோ, பத்திரிகையில் வந்தவை, மேடை விவரம், தொடர்பு இலக்கம் எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கொடுப்பதுதான் பிரஸ் கிற். அன்று செய்ததையே திருத்தித் திருத்தி இன்றுவரை பாவிக்கிறேன். அதில் எது உழைத்தது, எது சும்மா கிடந்தது என்று இப்போது சொல்லலாம்.

சும்மா கிடந்தது, எல்லோரும் பாராட்டிய பிடிஎப். நண்பர் ஒருவர் வடிவமைத்தது, உண்மையிலேயே வடிவாக இருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு வரியை எடுத்துப் பாவிக்க ஏலாது. பிடிஎப்பில் இருக்கும் தமிழைப் பிரதி எடுத்து ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகச் சிதறி வரும். பின்னேரம் பக்கம் முடிக்கிற அவசரத்தில் இருக்கும் ஒருவர் அதைத் திரும்ப ரைப் செய்துகொண்டு இருப்பாரா? இப்போது பிடிஎப் ஒரே ஒரு பக்கம், விண்ணப்பங்களோடு இணைப்பதற்கு மட்டும். மற்ற எல்லோருக்கும் வெறும் எழுத்துக் கோப்பு.

அதிலும் எங்களூர்ச் சிக்கல் ஒன்று உண்டு. இப்போது போனிலும் கணினியிலும் பொதுவாகப் பாவிக்கும் யூனிகோட் எழுத்து முறையில் அனுப்பிய அறிமுகத்துக்கு ஒரு பத்திரிகை அலுவலகத்திலிருந்து வந்த பதில்: "தம்பி, எல்லாம் பெட்டி பெட்டியா வருது, பாமினியில அனுப்புங்கோ." பாமினி ஒரு பழைய தமிழ் எழுத்துரு. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் வைத்திருக்கும் இடங்களில் யூனிகோட் தமிழ் சரியாகச் சேராது. சரி, இணையத்தில் இருக்கும் மாற்றியில் போட்டுப் பாமினிக்கு மாற்றலாம். ஆனால் பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. பத்திக்கு நடுவில் ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் அது அர்த்தமில்லாத தமிழாகி அப்படியே அச்சுக்குப் போய்விடும். அதனால் பாமினிக் கோப்பில் ஆங்கிலம் ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வைத்திருக்கிறேன். முகவரிகள் தனிக் கோப்பில். இந்த இரட்டைக் கோப்பு வேலையை வெளிநாட்டு ஆலோசனைக் காணொளி எதிலும் நான் கண்டதில்லை. இங்கே அதிகம் உதவியதும் அதுதான்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுத்து வெட்டுப்படும், படம் தப்பிவிடும். மேடையில் நீல வெளிச்சமும் புகையுமாக எடுத்த படம் பேஸ்புக்கில் நன்றாக இருக்கும். பத்திரிகைத் தாளில் மை ஊறிப் பரவி எல்லாம் இன்னும் கறுத்துப்போகும், முகம் எது மைக் எது என்று தெரியாது. என் கிற்றில் அதிகம் அச்சானது காலை வெயில் சாய்ந்திருக்கும் நேரத்தில் வெளிறிய சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் எடுத்த சாதாரணப் படம். கிடையாக ஒன்று, நெடுக்காக ஒன்று, பக்கத்தில் எழுத்துப் போட வெற்றிடம் விட்டு ஒன்று. மூன்றும் இருந்தால் காணும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது வழக்கமான கணக்கு; 10 அங்குல அகலத்துக்கு 3000 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். 'டொக்கியுமென்ற்' ஆக அனுப்பினால்தான் முழுசாகப் போகும். கோப்பின் பெயரிலேயே குழுவின் பெயர், இடமிருந்து வலமாக யார் யார், படம் எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். கமெரா கொடுத்த வெறும் இலக்கத்தோடு அனுப்பினால் மிருதங்கக்காரரின் படத்துக்குக் கீழே என் பெயர் வரும். வந்தும் இருக்கிறது.

அறிமுகத்தை மூன்று அளவில் வைத்திருக்கிறேன்: பத்திரிகைக்கு ஒரு பக்கம், அழைப்பிதழுக்கு ஒரு பத்தி, மேடை அறிவிப்பாளருக்கு இரண்டே வசனம். கடைசி இரண்டு வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கையோடு கொண்டுபோவேன். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. கையில் தாள் இல்லாத அறிவிப்பாளர் தன் பாட்டில் ஒரு பட்டம் சூட்டிவிடுவார். 'கானக்குயில்' என்று அறிவித்த பிறகு மேடை ஏறி என் தொண்டையைத் திறப்பது இலேசான காரியமில்லை.

மேடை விவரத் தாள் இரண்டாவது நல்ல உழைப்பாளி. யார் எங்கே இருப்பார், யாருக்கு எத்தனை மைக், யாருக்கு மொனிற்றர் (தன் சத்தம் தனக்குக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) என்று ஒரு படம், கீழே மிக்சரில் எந்த மைக் எந்தச் சனலில் என்ற பட்டியல். மிருதங்கத்துக்கு வலந்தலை என்கிற வலப்பக்கத்துக்கு ஒன்று, தொப்பி என்கிற இடப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு மைக் வேண்டும். இதை முதலே எழுதிக் கொடுக்காவிட்டால் மிக்சரில் சனல் காணாது, நிகழ்ச்சி தொடங்குகிற நேரத்தில்தான் அது தெரியவரும். சவுண்ட்காரருக்கு நேரடியாக வட்ஸ்அப்பில் அனுப்புவது நல்லது. ஏற்பாட்டாளரிடம் கொடுத்தால் அது அவருடைய போனிலேயே தங்கிவிடும்.

எங்கே வைப்பது என்பதில் என் பாவனை 2022 இல் மாறியது. தொடக்கத்தில் மாதக் கட்டணத்துக்கு இயங்கும் ஒரு இணையச் சேவையில் வைத்திருந்தேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போனது. சேவையில் குறையில்லை, ஆனால் அந்தக் காசு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கூகுள் டிரைவுக்கு மாறினேன். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இதற்குத் தாராளம். ஒரு பொதுக் கோப்புறை, அதன் இணைப்பு மட்டும் எங்கும். 'இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்' என்று அனுமதி வைத்துவிட்டு, கணக்கில் உள்நுழையாத வேறொரு போனில் திறந்து பார்க்க வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் பழகியபடி போனிலும் ஒரு பிரதி எப்போதும் இருக்கிறது.

புலம்பெயர்ந்த இடங்களிலிருந்து கேட்பவர்களுக்குத்தான் கிற் முழுசாகப் பயன்படுகிறது. கோடையில் ரொறன்ரோ எங்களுக்கு 9½ மணித்தியாலம் பின்னால். அவர்கள் மத்தியானம் மூன்று மணிக்குக் கேட்பது எங்களுக்கு இரவு பன்னிரண்டரை. விடிந்து நான் பதில் எழுதும்போது அங்கே படுத்துவிடுவார்கள். வானொலிகள் தரம் கூடிய 320 கேபிபிஎஸ் எம்பி3 அல்லது சுருக்காத வேவ் ஒலிக்கோப்பு கேட்கும், சில ஐஎஸ்ஆர்சி இலக்கமும் கேட்கும். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உரிய, எழுத்தும் இலக்கமும் கலந்த 12 இட அடையாளம் அது, ஸ்பொட்டிபை போன்ற தளங்களுக்குப் பாட்டை ஏற்றும் விநியோகச் சேவையே கொடுக்கும். பாடலாசிரியர், இசை, வாசித்தவர்கள் விவரமும் அதே தாளில். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிவு செய்யாமலே படைப்புக்கு உரிமை உண்டு. அதனால் நண்பர் எழுதிய வரியென்றாலும் அவருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

செய்தித் தளங்களில் வந்தவற்றின் இணைப்பை மட்டும் வைத்திருந்தால் போதாது. தளம் மூடிவிடும், முகவரி மாறிவிடும். வந்த அன்றே பக்கத்தைச் சேமித்துவிடுங்கள்.

உள்ளூரில் இதனால் மேடை கிடைக்குமா என்று கேட்டால், எனக்குக் கிடைக்கவில்லை. கோயில் திருவிழாவோ பள்ளிக்கூட விழாவோ, ஆள் தெரிந்து போன் எடுத்துத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகு வருகிற குழப்பங்களைத்தான் கிற் குறைக்கிறது. வருடத்துக்கு ஒரு கச்சேரி செய்பவருக்கு மூன்று படமும் இரண்டு பத்தியும் காணும். பாட்டு வெளியிடுகிறவர், வெளிநாட்டுக்குப் போக நினைக்கிறவர் முழுதாகச் செய்துவைக்கலாம். ஸ்பொட்டிபையில் பாட்டுப் பட்டியல்களைத் தொகுக்கும் ஆசிரியர்களுக்கு வெளியாகாத பாட்டைப் பரிந்துரைக்கும் படிவத்தில் 500 எழுத்துக்குள் எல்லாம் சொல்ல வேண்டும். அங்கேயும் அந்த அழைப்பிதழ்ப் பத்தியைத்தான் ஆங்கிலத்தில் சுருக்கிப் போடுகிறேன்.

எங்கள் கிற்றில் இன்னும் வெறுமையாகக் கிடப்பது சிங்கள அறிமுகம். கொழும்பில் ஆங்கிலத்தைப் பார்த்துச் சிங்களத்தில் எழுதும்போது ஊர்ப் பெயர்களும் எங்கள் பெயர்களும் உருமாறி வருகின்றன. சிங்களம் நன்றாகத் தெரிந்த அக்கா ஒருவர் எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த பாட்டு வெளியாகுமுன் அதைக் கோப்புறையில் சேர்க்க வேண்டும்.