தெருமுனை சுபிக்ஷா

அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. அந்த நாட்களில் ஒவ்வொரு மாதமும் டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு அம்மா, பல கிளைகள் வைத்திருந்த சுபிக்ஷா என்ற மளிகை, மருந்துக் கடைக்குத்தான் போவாள். மாத்திரை அட்டையில் போட்டிருக்கும் விலையில் பத்து சதவீதம் தள்ளுபடி. வீட்டுக்கு வந்ததும் பில்லையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்து, மிச்சமானதைத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் குறித்துவைப்பாள். அறுபது ரூபாய் மிஞ்சிய மாதம் அவள் முகமே தனி.

கடையில் ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது. மெயின் ரோட்டில் வாடகை அதிகம் என்று உள்தெருவில் சின்னதாக இருக்கும். எனக்குப் பிடித்ததே அதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம். பருப்பு, எண்ணெய், மருந்து எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். அலங்காரத்துக்குச் செலவழிக்காத பணம் நம் பில்லில் குறைந்தது. இவ்வளவு நேர்மையான விலைக்கணக்கை அதற்குப் பிறகு வந்த பளபளப்பான கடைகளில் நான் பார்க்கவில்லை.

1997-ல் சென்னை திருவான்மியூரில் முதல் கடையைத் தொடங்கியவர் ஐஐடி, ஐஐஎம்மில் படித்த ஆர். சுப்பிரமணியன். கம்பெனிகளுக்குச் சரக்குப் பணத்தைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் அவர்கள் விலையைக் குறைப்பார்கள், அதை வாடிக்கையாளருக்கும் குறைத்துக் கொடுக்கலாம். இதுதான் சூட்சுமம். ஆனால் கையில் ரொக்கம் புரண்டால்தான் இது நடக்கும்.

பல ஆண்டுகள் தமிழ்நாட்டோடு இருந்த கடை, பிறகு குஜராத், தில்லி, மும்பை என்று கிளம்பியது. காய்கறி, செல்போன் எல்லாம் சேர்ந்தன. 2008-ல் நாடு முழுக்கச் சுமார் 1,600 கடைகள். பெரும்பாலும் கடன் வாங்கி வளர்த்தது. அந்த ஆண்டு உலகம் முழுக்கப் பணப்புழக்கம் முடங்கியபோது புதுக் கடன் கிடைக்கவில்லை. சரக்குக் கொடுத்தவர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் பாக்கி விழுந்தது. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. 2009-ல் எல்லாக் கடைகளும் மூடிக் கிடந்தன. பத்துப் பன்னிரண்டு வருடம் கட்டியது சில மாதங்களில் போனது இன்னும் எனக்கு ஆறவில்லை. இன்னும் நிதானமாக வளர்ந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அம்மா இப்போதும் எந்த மெடிக்கலுக்குப் போனாலும் சீட்டை நீட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடுவாள்: "தம்பி, பத்து பர்சென்ட் உண்டா?"